முதல் பக்கம், ஒன்பதாவது முறை

பிப். 9, திங்கள்
பனி. விழுப்புரத்தில் கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். வாங்க வேண்டியவை: ஊக்கு, தைலம், ரீஃபில்.
பக்கத்து சீட் வாசுகி, நான் எழுதும் கதையைக் கேட்டாள். ஆட்டுக்குட்டியைத் தூக்க மலர் கிணற்றில் இறங்குவது வரை படித்துக் காட்டியிருக்கிறேன். அவள் காதுக்கு மட்டும்.
“இன்னாடி, மலரு மேல வந்தாளா, இல்ல குட்டியோட உள்ளயே குடும்பம் நடத்திக்கினு இருக்காளா?”
மழுப்பினேன். சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். கல்யாணம், பிறகு ஓசூர்.

பிப். 10, செவ்வாய்
திண்டிவனம் கம்பெனியில் கரண்ட் இல்லை. ஷூ எல்லாம் பாதி தைத்தபடி. நோட்டைத் திருப்பி, கடைசித் தாளிலிருந்து கதையின் முடிவை எழுதினேன். மூன்று தாள், ஓர் அடித்தல் இல்லை. மலர் குட்டியைத் தோளில் போட்டு ஏறி வருகிறாள். இப்படி எனக்குக் கை ஓடியதே இல்லை.
அப்போதே வாசுகியிடம் கொடுத்திருக்கலாம். தொடக்கம் அசிங்கமாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன்.

பிப். 11, புதன்
‘கிணறு ஆழமாக இருந்தது.’ அடித்தேன். ‘கிணற்றில் வெளிச்சம் இல்லை.’ அடித்தேன். முன்னால் இருந்த மூன்று தாளையும் கிழித்தேன். ஒன்பதாவது முறை.
அம்மா: “பள்ளிக்கூடத்துல இப்டி எழுதியிருந்தா பத்தாவதோட நின்னுருப்பியா?”
நின்றது அதனால் இல்லை. அவளுக்கும் தெரியும்.

பிப். 13, வெள்ளி
முடிவைக் காணோம். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டு. முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதன் ஜோடி கழன்றுவிடும். இதுவரை வெற்றுத்தாள்தான் விழுந்திருக்கும், கவனித்ததில்லை.
பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தேடினேன். டிரைவர் அண்ணன்: “நேத்தே கூட்டித் தள்ளிட்டேம்மா. நகை எதனா உட்டுட்டியா?”
“இல்லண்ணா, பேப்பரு.”
“பேப்பருதான?”
மறுபடி எழுதினேன். வரிக்கு மூன்று அடித்தல். மலர் ஏறுகிறாள், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல.

பிப். 14, சனி
வாசுகி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில்: “வாயாலயாவது சொல்லுடி.”
“இன்னும் சரியா வரல.”
“சரி போ. செத்துப்போச்சுன்னே வெச்சிக்கிறேன். பாவம் மலரு.”
விக்கிரவாண்டியில் இறங்கினாள். ஜன்னல் பக்கம் வந்து கை காட்டினாள். மலர் சாகவில்லை. இரண்டே வார்த்தை. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

பிப். 15, ஞாயிறு
வெயில். துணி துவைத்தேன். வாசுகிக்கு மெசேஜ்: ‘மலரு சாகல.’ அனுப்பவில்லை, அழித்தேன். ‘மலரு மேல வந்துட்டா.’ அழித்தேன். ‘மலர் ஏறி வந்துவிட்டாள் வாசுகி, குட்டியும்தான்.’
இதுவும் சரியாக இல்லை.