எனக்கு ஓதிய யாசீன்

கொழும்பு, 1911, ரஜப் மாதம்

அன்பு செய்தூன் பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகமே. மாமியின் முட்டுவலி தேவலையா?

நேற்று உன் தம்பி பக்கீர் மேலப்பாளையத்திலிருந்து நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு வந்தான். வந்ததும் சிரித்துக்கொண்டே, "மச்சான், உங்க மக மைமூன் வெள்ளிக்கிழமைதோறும் உங்களுக்கு யாசீன் ஓதுதா. 'யா அல்லா, எங்க வாப்பா கபுரை வெளிச்சமாக்கு'ன்னு கையேந்துதா" என்றான்.

கையிலிருந்த கெஜக்கோல் கீழே விழுந்துவிட்டது. இறந்தவர்களுக்கு ஓதுகிற யாசீனும் கபுர்க்குழியும் உயிரோடு இருக்கிறவனுக்கா! நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

ஓதுகிற பள்ளியில் பக்கத்திலிருக்கும், வாப்பா இறந்துபோன யத்தீம் பிள்ளை ஓதுவதைப் பார்த்து, வாப்பா வீட்டில் இல்லாத பிள்ளையெல்லாம் அப்படித்தான் ஓதணும் என்று நினைத்தாளாம். "கபுருக்கும் தூத்துக்குடியிலதான் கப்பல் ஏறணுமா மாமா?" என்று இவனிடமே கேட்டாளாம்.

அவளை வையாதே. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழுகை சொல்லிக்கொடுக்க வேண்டிய வாப்பா நான். என் முகமே அவளுக்குத் தெரியாது. அவள் பாத அளவை நூலில் எடுத்து அனுப்பு, செருப்பு வாங்கணும். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். மைமூனிடம் இதை மட்டும் இன்றே சொல்: கபுருக்குப் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை. வாப்பாவுக்கு இருக்கிறது, நோன்புக்கு முன்னால் ஏறுகிறார்.

உன் கணவன்,
காதர் மீரான்