கம்பு பட்ட தலை

1901 மார்ச்சு 4, திங்கள்.
காலையிலேயே வெயில் சுள்ளென்று. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, கயிறு நாலு முழம் கூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் இரண்டாம் வகுப்புப் பெண்கள் பாதிப்பேர் இல்லை. அம்மை என்கிறார்கள்.

நாயக்கர் வீட்டுக் கதவு நிலை மறுபடியும் அளவு குறைந்துவிட்டது. இது இரண்டாவது. என் வீட்டுக்காரர் அளந்ததை நானே பார்த்தேன். அளந்தார், கோடு போட்டார், எழுந்து போய் வெற்றிலை போட்டார், திரும்பி வந்து கோட்டை விட்டு ஒரு சாண் தள்ளி அறுத்தார். பன்னிரண்டு வயதில் உளி பிடித்த கை.

"கோட்ட யாரு மாத்துனது?"

"யாரும் மாத்தலங்க."

முழக்கோலை எறிந்தார். தண்ணீர்ப் பானை போயிற்று. அடுப்படி முழுக்க ஈரம். செத்த நேரம் கழித்து வந்து, பானை எப்படி உடைந்தது என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மாலை கொழுந்தன் அந்தோணி வந்தான். வரும் 16ஆம் தேதி சனிக்கிழமை ராஜபாளையத்தில் சிலம்பம். அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டானாம். எதிர் ஆடுவது காதர், ஜவுளிக்கடைக்காரர் மகன், இருபத்திரண்டு வயது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தேவசகாயம் பேரச் சொன்னாலே கூட்டம் வரும் மதினி" என்றான். கூட்டம் வருவது பற்றி நான் எப்போது கவலைப்பட்டேன்.

மார்ச்சு 5, செவ்வாய்.
ப.கூடம் விட்டு வந்து உட்கார்ந்து கணக்கிட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த வருஷங்களில் சிலம்பக் களத்தில் தலையில் கம்பு பட்டு அவர் கீழே விழுந்தவை மட்டும்:

சுந்தரபாண்டியம். கல்யாணமான வருஷம். நெற்றி. தையல். மறுநாள் வேலைக்குப் போனார்.

வ. புதுப்பட்டி. பின்மண்டை. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்து ஆடி ஜெயித்தார். வழியெல்லாம் மேளம்.

மகாராஜபுரம். இடது காதுக்கு மேல். அரை நாள் என்னை அவர் அக்காள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மகாராஜபுரம் மறுபடியும். வருஷம் நினைவில்லை.

கம்பு பழகும்போது பட்டவை இதில் சேரவில்லை. அவற்றுக்குக் கணக்கே கிடையாது. "காதுல குயில் கூவுது" என்று சிரித்துக்கொண்டே வருவார், நான் மஞ்சள் அரைப்பேன்.

இப்போது மாறியிருப்பவை: தலைவலி, வாரத்தில் நாலு நாள். கோபம், காரணமில்லாமல். சொன்னதையே சொல்வது. உளி பிடித்தால் வலது கை நடுக்கம். வேலை செய்த வீட்டுக்கே வழி கேட்பது. முன்பு கோயிலில் கீர்த்தனை பாடும்போது அவர் குரல் தனியாகக் கேட்கும். இப்போது இரண்டாம் சரணத்தில் நின்றுவிடுகிறார்.

மனிதர் மாறிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அதே ஆள்தான், அதே தோள், அதே மீசை.

மார்ச்சு 7, வியாழன்.
அரை நாள் லீவு கேட்டு வாங்கி, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் காத்திருப்பு. இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தார்.

டாக்டர் நல்ல மனிதர். மண்டையை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தார். விரலைக் காட்டி, கண்ணை அதன் பின்னே ஓட்டச் சொன்னார். குடி உண்டா என்றார். கிடையாது.

"மண்டை ஓடு நல்லா இருக்கும்மா. எலும்பு எங்கயும் முறியல."

"உள்ள இருக்கிறது ஐயா? அடி மேல அடி பட்டா உள்ள கலங்காதா?"

"கலங்கலாம். உள்ள பார்க்க எனக்கு வழி இல்ல. நான் படிச்ச புத்தகத்துல இதுக்கு மருந்து சொல்லல. ஆடாம இருக்கட்டும்."

"அத அவியகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஏறல."

சொன்னார், நன்றாகவே. இவரும் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் எதிரே வந்த பெட்டிக்கடைக்காரரிடம், "டாக்டரே சொல்லிட்டாரு, ஓடு நல்லா இருக்காம்" என்றார். தெருமுனையில் இன்னொருவரிடம் அதையே. வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேரிடம். மற்றது எதுவும் காதில் விழவில்லையா, விழுந்து போய்விட்டதா.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன். மறதி எனக்கும் உண்டு என்று அவர் சொல்லிக் காட்டினார்.

மார்ச்சு 9, சனி.
தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, ஏழு மைல், சந்தைக்குப் போகும் வண்டியில் ராஜபாளையம். முதுகு உடைந்துவிட்டது. அவரிடம் மிளகாய் வாங்கப் போவதாகச் சொன்னேன். பொய்.

முதலில் களம் நடத்தும் ராஜு வீட்டுப் பெரியவரிடம். மரியாதையாக உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "பர்வாலேது, பரவால்ல அம்மா. தேவசகாயம் எம்புட்டு அடி பாத்த ஆளு. ஒண்ணும் ஆகாது" என்றார். எம்புட்டு அடி பார்த்தார் என்பதைத்தானே நான் சொல்ல வந்தேன். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பிறகு ஜவுளிக்கடை. காதரே கடையில் இருந்தான். மெலிந்த உடம்பு, நீண்ட கை, பேசும்போது கண்ணைப் பார்க்கிறான். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றான்.

"தம்பி, நீங்க விலகிக்கிடணும். அவியளுக்கு இன்னொரு அடி ஆகாது."

"நான் விலகினா பயந்துட்டான்னு பேசுவாங்கக்கா. அண்ணாச்சிகூட ஆடணும்னு எனக்குச் சின்ன வயசுல இருந்து ஆசை."

விவரமெல்லாம் சொன்னேன், கதவு நிலை, பானை, கீர்த்தனை. கேட்கக் கேட்க முகம் மாறியது.

"தலைக்கு என் கம்பு போகாது. இது என் வாக்கு. அண்ணாச்சிக்கு முடியலன்னு தெரிஞ்சா நானே நிறுத்திருவேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது. மிளகாய் வாங்கினேன். வற்றல் நன்றாக இல்லை.

மார்ச்சு 10, ஞாயிறு.
ஆராதனை முடிந்து வெளியே பெண்கள் பேச்சு. "கள்ளு உள்ள போனா எல்லாரும் அப்படித்தான்." என் காதில் விழவேண்டும் என்றே. அவர் கள்ளைத் தொட்டதில்லை. திரும்பிச் சொல்லியிருக்கலாம். குடி இல்லை என்றால் பேய் என்பார்கள். குடி, பேய், பெண்டாட்டி சரியில்லை. இந்த மூன்றை விட்டால் வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச்சு 13, புதன்.
அம்மை இன்னும் அடங்கவில்லை. வகுப்புக்கு வந்தது ஒன்பது பேர்.

இன்று நேராகவே சொன்னேன். ஆட வேண்டாம் என்று. அமைதியாகக் கேட்டார். பிறகு, "மரத்த அறுத்தா தப்பா வருது. பாட்டு வரமாட்டேங்குது. கம்பு ஒண்ணுதான் இன்னும் கைக்குள்ள நிக்குது. அதையும் விடச் சொல்லுதியா?" என்றார்.

அப்படியானால் அவருக்கும் தெரிகிறது. எனக்கு இதுவரை தெரியாது, அவருக்குத் தெரியும் என்று.

கீரை ஆய்ந்தேன்.

மார்ச்சு 17, ஞாயிறு.
ஆராதனைக்குப் போகவில்லை. கை ஓடவில்லை. நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மாலை நாலு மணிக்குக் களம். ஊரே திரண்டிருந்தது. பெண்களுக்கு ஒரு ஓரம். அந்தோணி சந்தனமும் மாலையுமாய் ஓடிக்கொண்டிருந்தான்.

தொடக்கத்தில் அவர் ஆடியது, என்ன சொல்ல, பழைய ஆளே வந்து நின்றார். கால் தரையில் பாவவில்லை. கம்பு சுற்றும் காற்று எங்கள் பக்கம் வரை வந்தது. ஒரு நிமிஷம் நான்கூட எல்லாம் பொய்யோ என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஒரு சுற்றுச் சுற்றித் தப்பான பக்கம் நின்றார். காதர் அவர் முதுகுக்குப் பின்னால். இவர் கூட்டத்தைப் பார்த்துக் கம்பை நீட்டிக்கொண்டு எதிராளியைத் தேடுகிறார். காதர் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கம்பைத் தாழ்த்தி, பெரியவரைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்ல, நிறுத்திக்கிடுவோம்" என்றான்.

எவனோ சிரித்தான். அப்புறம் எல்லாரும்.

அந்தச் சிரிப்பு கேட்டுத்தான் திரும்பினார். திரும்பின வேகத்தில் அடித்தார். காதர் கம்பைத் தூக்கவே இல்லை. அவன் காதுக்கு மேலே பட்டது. சத்தம் எனக்குக் கேட்டது.

பரமண்டல ஜெபம் ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம் அசையாமல் கிடந்தான். எண்ணத்தான் சொன்னேனோ, வேண்டிக்கொண்டுதான் சொன்னேனோ. எழுந்தான். "என் கம்பு எங்க?" என்று கேட்டான். கம்பு அவன் கையில்தான் இருந்தது. அதற்கும் கூட்டம் சிரித்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. எழுந்து நின்றுவிட்டானாம், ஆம்பிளையாம்.

இவரை நானும் அந்தோணியும் வண்டியில் ஏற்றினோம்.

மார்ச்சு 18, திங்கள்.
ப.கூடம் போனேன். கழித்தல் கணக்கைக் கரும்பலகையில் நானே தப்பாகப் போட்டேன். ஒரு பெண் சொன்னாள்.

மதியம் கஞ்சி குடிக்கும்போது அவர், "சிலம்பம் வார சனிக்கிழமதானே?" என்றார்.

"முடிஞ்சிருச்சுங்க."

"யாரு ஜெயிச்சது?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல். நான் பொய் சொல்வதாகக் கத்தினார். அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றான். அதன்பின் கஞ்சியைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணி போகும்போது வாசலில் என்னிடம்: "நீங்க போயி அவன்கிட்டச் சொன்னதாலதான் மதினி. அவன் நிறுத்தாம ஆடியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டான். அண்ணனும் அடிச்சிருக்காது."

பேர் கொடுத்தது யார் என்று கேட்டேன். கேட்டும் மனம் ஆறவில்லை. அவன் சொன்னதில் பாதி நிஜம். வாக்குக் கொடுத்த பிள்ளை, வாக்கைக் காப்பாற்றியதால் அடி வாங்கினான்.

மார்ச்சு 23, சனி.
மறுபடியும் ராஜபாளையம். இம்முறை அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனேன். தானும் வருவேன் என்றார். வேண்டாம் என்றேன்.

காதர் கடையில் இல்லை, வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். அவன் அம்மா வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. அது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மூன்று மாதமாவது கம்பைத் தொட வேண்டாம், தலைவலி நிற்கிறதா பாருங்கள், பேச்சு குழறுகிறதா பாருங்கள் என்று தெரிந்ததை எல்லாம் சொன்னேன்.

"எம்புள்ள எந்திரிச்சு நிக்கான். சோறு திங்கான். அசதில படுத்திருக்கான். உங்க வீட்டு நோவ இங்க கொண்டாந்து வைக்காதீங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்க்கா, பதினோரு வருசமா."

"வெயில் ஏறுது. வண்டியப் பாத்துப் போங்க."

கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த மாதம் வத்திராயிருப்பில் ஆட்டமாம், காதர் பேர் இருக்கிறதாம். திரும்பும் வண்டியில் இருவர் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். "மண்டையில அம்புட்டு அடி வாங்கியும் எந்திரிச்சான் பாரு." வண்டியை விட்டு இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. வெயிலுக்குப் பயந்து இறங்கவில்லை.

மார்ச்சு 27, புதன்.
லேசான தூறல், புழுதி அடங்கவும் போதவில்லை. ப.கூடத்தில் பதினாலு பேர் வந்துவிட்டார்கள்.

நாயக்கர் வீட்டு நிலைக்கு இன்று நான் கோட்டின் மேல் முழக்கோலைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அவர் அறுத்தார். சரியாக வந்தது. "நீ இங்கயே நிக்கப் போறியா, வேற சோலி இல்லையா" என்று எரிந்து விழுந்தார். நின்றேன்.

நாலு மணிக்கு வாசலில் காதர். தனியாக, தலையில் துண்டைப் போட்டு நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு. வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறான். இவரைப் பார்த்ததும் தயங்கினான். இவர் உளியோடு அப்படியே நின்றார்.

பிறகு காதர் என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். வெளிச்சத்துல நடந்தா கண்ணுக்குள்ள ஊசி ஏறுற மாதிரி இருக்கு. அம்மாகிட்டச் சொல்லல. அண்ணாச்சிக்கும் இப்படி இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் சொன்னதே இல்லை.

அவர் உளியைக் கீழே வைத்தார். காதரின் தோளைப் பிடித்து நிழல் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

"இருந்துச்சு. மொத வருசம் ரொம்ப இருக்கும். பொறவு பழகிரும்" என்றார். அவன் தலைத்துண்டைக் கண் வரை இழுத்துவிட்டார். "நீ பழக விடாத."