கேமரா திரும்பியிருந்த ஒரு மணி நேரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் சாரல், பிறகு வெயில். யானைக் கண்காணிப்புப் பலூனைக் கீழே இறக்கிப் பராமரிப்பு. வால் பக்கம் ஒரு ஒட்டு. கயிறு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாயிற்று. ஹீலியம் இரண்டு சிலிண்டர். கேமராவை நானே துடைத்துச் சோதித்தேன், பழுதில்லை. கையுறை கிழிசல். புதுசு வேண்டுமென்று சென்னை ஆபீசில் மூன்றாவது தடவை கேட்டாயிற்று, பதில் இல்லை.

நாலு மணிக்கு மேலே ஏற்றினோம். கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் அண்ணன், "இன்னைக்குச் சொன்னபடி கேக்குதும்மா" என்றார். திரையில் தேவாரத்துத் தோட்டங்கள், காட்டு ஓரம், எல்லாம் துல்லியம். யானை தெரிந்தால் இங்கிருந்து தோட்டக்காரர்களுக்குப் போன் போக வேண்டும். பலூன் வந்து மூன்று மாதம். ஒரு தடவையும் தவறவில்லை.

அத்தாவுக்கு இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன். நல்ல மகள் நான்.

ஆகஸ்ட் 6, புதன்

விடிகாலை 5.20. சென்னையிலிருந்து மேனேஜர் போன். மேலே சரிவில் இருக்கும் எஸ்டேட்டில் ஏலக்காய் திருடு போகிறதாம். முதலாளி இவருக்கு வேண்டியவர். "கேமராவ அங்க திருப்புங்க நஸீமா."

"சார், இது யானை எறங்குற நேரம்."

"பத்து நிமிஷம்தான். அவங்க நமக்குப் பெரிய கஸ்டமரா வரப்போறாங்க."

திருப்பினேன். திருடன் யாரும் இல்லை. ஒரு பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அங்கே தன் போனில் அதே படத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்படியே இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும்." ஒரு மணி நேரம்.

6.25. தேவாரம் பக்கம் யானை விரட்டும் வெடிச் சத்தம். "திருப்புங்கம்மா, வெரசா திருப்புங்க!" முருகேசன் அண்ணன் கத்தினார். திருப்பினேன். தென்னைக்கு நடுவில் ஒற்றை யானை. பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஆள்.



ஆகஸ்ட் 7, வியாழன்

இறந்தவர் பெயர் ராமசாமி. மோட்டார் போடப் போயிருக்கிறார்.

மேனேஜர் போன். பதிவேட்டில் 'கேமரா கோளாறு, படம் வரவில்லை' என்று இருக்க வேண்டும். நான் கையெழுத்து, முருகேசன் அண்ணன் சாட்சி.

"கேமரா நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"போடுங்கண்ணே."

என் பேனாவையே வாங்கினார். பிறகு போட்டார். எழுத்துக் கூட்டி, பெயரை முழுசாக.

ஏன் போட்டேன்? சொந்த ஊரில் கிடைத்த வேலை. விட்டால் பெங்களூர். அத்தாவை யார் பார்ப்பார்கள்? காரணம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. 

ஆகஸ்ட் 9, சனி

மேனேஜருக்குப் பொய்க்கு ஆதாரம் வேண்டுமாம். நல்ல கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து 'பழுது பார்க்க' என்று பார்சல் அனுப்பினேன். திரும்பி வரப் பத்து நாள் ஆகும்.

பலூன் மட்டும் மேலே நிற்க வேண்டுமாம். இறக்கினால் ஊரில் பேச்சு வருமாம். "தோட்டக்காரங்களுக்கு எதுவும் சொல்லிடாதீங்க." கண் இல்லாத பலூனை ஏற்றிவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன். காற்றின் வேகம் எழுதுகிறேன். வாயு அழுத்தம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராமசாமி வீட்டுக்குப் போனேன். மனைவி பேச்சியம்மா. என்னை அடையாளம் தெரிந்தது. போன் வாங்கிக் கொடுத்துப் பழக்கியதே நான்தானே.

"முந்தியெல்லாம் வெடி போட்டுட்டுத்தான் தோட்டத்துக்குள்ள எறங்குவாரு ஆத்தா. இப்பத்தான் போனு இருக்கேன்னு... போனு அடிக்கலயே, யானை வரலைன்னு நெனச்சுப் போயிட்டாரு."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தேன்.

"மிசினு கெட்டுப் போச்சாம்ல. நீ என்ன பண்ணுவே? அழுவாதே."

என்னைத் தேற்றினாள். அவள்.

பஸ் முழுக்க ஏலக்காய் மூட்டை வாசம். போடி வரைக்கும் கதவோரம் நின்றே வந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பலமான காற்று. பலூனை இறக்கிக் கட்டி, காற்று தணிந்ததும் மறுபடி ஏற்றினோம், மூன்று மணி நேரம். முருகேசன் அண்ணன் இப்போதெல்லாம் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான் பேசுகிறார். இழு. விடு. போதும்.

மதியம் கேட்டேன், தேவாரத்தில் இப்போது எப்படிப் போகிறார்கள் என்று.

"எப்பிடிப் போவாக? பலூனு மேல நிக்கிதேன்னு போறாக. அந்தப் பேச்சியம்மாவோட மருமகனே விடியக்கால போறாப்ல." கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "சொல்லிருங்கம்மா. இன்னொரு கையெழுத்து என்னால போட முடியாது."

ஆகஸ்ட் 13, புதன்

காலையிலிருந்து தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் நானே போன் போட்டேன். கேமரா இல்லை, போன் வராது, வெடி போட்டுவிட்டு இறங்குங்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: "அப்ப எதுக்கு அத மேல கட்டி வச்சிருக்கீக?"

மாலை மேனேஜர் போன். நாளையிலிருந்து வர வேண்டாமாம். சாவியை முருகேசன் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார்.

அத்தாவிடம் லீவு என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேகமூட்டம். பேச்சியம்மா வீடு. போனில் சொல்லக்கூடியது இல்லை.

டீ கொடுத்தாள். மகளும் மருமகனும் இருந்தார்கள். கேமரா கெடவில்லை என்றேன். எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரம்.

மருமகன் எழுந்துவிட்டான். பேச்சியம்மா அவனைக் கையமர்த்தினாள்.

"யாரு திருப்புனது?"

மேனேஜர் சொன்னார் என்று ஆரம்பித்தேன்.

"அவரு சொன்னாரு. சரி. திருப்புனது யாரு?"

"நான்தான்."

 பேச்சியம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த கிளாசை வாங்கிக்கொண்டாள். பாதி டீ அதில் அப்படியே இருந்தது.