வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள நைனாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் கத்திவிட்டு வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வால்வு திறக்கிற இந்த அடுக்குமாடியில் போர்வெல் வற்றிப் பத்து நாளாகிறது. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு லாரித் தண்ணீர் வந்தது. தங்களுக்குத்தான் முதலில் என்று இரண்டு பிளாக் ஆட்களும் மோதிக்கொண்டார்கள். என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பட்டன் போனது, வேறொன்றுமில்லை. நம் கிணற்றில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் நாள் முறை இருப்பதுபோல, பிளாக்குக்கு அரை மணி என்று முறை வைத்துத் திறந்துவிட்டேன். அடங்கினார்கள்.

லாரி டிரைவர் என்னிடம், "பெருநகர் பச்சமுத்து கெணத்துத் தண்ணிப்பா இது. காலைல அவரே மோட்டார் போட்டு ரொப்பிவுட்டாரு" என்றார். நான் உங்கள் மகன் என்று சொல்லவில்லை.

கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் நெல் கருகுகிறது.

அம்மாவிடம் வெள்ளைப் பட்டன் இருந்தால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இங்கே தைத்துக் கொடுக்க யாருமில்லை. அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். மோட்டார் ரூம் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்றைக்கு நானும் ஒரு சொம்பு குடித்தேன், நைனா. நம் தண்ணீர் என்று சந்தோஷமாகத்தான் குடித்தேன். வெள்ளிக்கிழமை சித்தப்பா முறை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மகன்
ஞானவேல்