உன் அறைக்கு வந்த விருந்தாளி

கோச்சடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் ஓயாத நினைப்பு. போனில் பேசினால் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொள்வோம், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

சுற்றுலாவும் ஹோட்டல் நிர்வாகமும் மேல்படிப்பாகப் படிக்கிற பிள்ளை, புராஜெக்டுக்காக நம்ம வீட்டில் உன் அறையையே ஹோம்ஸ்டே ஆக்கி விருந்தாளிகளை அனுப்புகிறாய், அவர்கள் எழுதும் ரிவ்யூவை வைத்துத்தான் உனக்கு மார்க் என்றும் தெரியும். முதலில் வந்த புனே தம்பதி சாப்பிடும்போது பக்கத்திலேயே நின்று இன்னொரு கறிதோசை வைக்கவா என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம், அதைக் குறையாக எழுதிவிட்டார்கள், நீயும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாய். கூப்பிட்டால் மட்டும் போ, கதவைத் தட்டாதே என்றாய். சாப்பிடுகிறவர்களைத் தனியாக விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருவது என்ன உபசரிப்போ, போகட்டும், அம்புட்டுப் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடங்கிவிட்டேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து உன் வயசுப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். கோயிலுக்குப் போய்வந்து படுத்தவள் மறுநாள் மத்தியானம் ஆகியும் கதவைத் திறக்கவில்லை, இட்லி ஆறி விறைத்துப்போனது. அது நம்ம புள்ள இல்ல, விருந்தாளி, கம்முனு இரு என்று அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் தட்டிவிட்டேன், மெதுவாகக்கூட இல்லை, படபடவென்று. தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள், ஒன்றுமில்லை, லீவில் தூங்கத்தான் வந்தாளாம். சிரித்துக்கொண்டேதான் கிளம்பினாள், ஆனால் சாப்பாடு பிரமாதம், தனிமை கிடையாது என்று எழுதி இரண்டே ஸ்டார் போட்டுவிட்டாள். உன் மார்க்கைக் கெடுத்துவிட்டேன், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தின நாளிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தாய் என்று உன்னோடு தங்கியிருக்கும் பிருந்தா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. உன் அறை, உள்ளே உன் வயசுப் பெண், சத்தமே இல்லை. நான் தட்டியது அவளுக்காக இல்லை, தாமரை.

அடுத்து வருகிறவர்களை அப்பா கவனிக்கட்டும், நான் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன், உன் படிப்பு எனக்குப் பெரிசு. மீனாட்சி துணையிருப்பாள், நினைத்ததெல்லாம் கைகூடி நல்லா இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. உடம்பு முடியாவிட்டால் படுத்திருக்கேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. திருப்பி ஒன்றும் கேட்கமாட்டேன்.

உன் அம்மா,
ஜெயக்கொடி