பழம் எந்த நாட்டது

14, ஞாயிறு. அல் குசைஸ், துபாய்

தூசிக்காற்று. ஜன்னல் திறக்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.

பயத்தை ஒழுங்குபடுத்தி எழுதினால் குறையலாம்:
1. பேரீச்சம்பழம் அனுப்பியது என் பிழை.
2. சுமதி வாய் திறக்காமல் இருந்தால் ஒன்றும் நடக்காது.
3. மகன் ரமணனுக்குச் சொல்லக்கூடாது.

மகள் சுமதிக்கு இங்கிலாந்தில், ஒரு சிறிய ஊரில் மூலைக்கடை. போன மாதம் தெரிந்த ஒருவர் கையில் பழம் கொடுத்துவிட்டேன். பாரம் குறையட்டும் என்று பெட்டிகளை எறிந்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் டப்பாவில். பெரிய கெட்டித்தனம்! வருகிறவர்கள் சும்மா எடுத்துச் சாப்பிடட்டும் என்று அவள் தட்டில் வைத்திருக்கிறாள்.

காலை போனில்:

“எந்த நாட்டுப் பழம் எண்டு ஒரு பெட்டை கேட்டவள், அப்பா. இஸ்ரேல் பழமெண்டால் தொடமாட்டாளாம். பெட்டி எங்கை எண்டாள்.”

பின்னால் நின்ற டேவிட், தினமும் பேப்பர் வாங்க வரும் யூதக் கிழவர்: “இனிப் பழத்துக்கும் பாஸ்போர்ட்டோ?” இருவருக்கும் வாய்ச்சண்டை. ஊரே இப்படித்தானாம். ஒரு ஜன்னலில் பாலஸ்தீனக் கொடி, அடுத்ததில் இஸ்ரேல் பணயக்கைதிகளின் படம். ஒன்றும் ஒட்டாத வீடுகள்தான் அதிகம்.

“அவள் கூடாத பிள்ளை இல்லையப்பா. காசாக் குழந்தையளின்ர படத்தைப் பாத்துப் பாத்து நித்திரை இல்லையாம்.”

தட்டை எடுத்து உள்ளே வை என்றேன். யாரும் கல்லெறிந்தால் என்று கடைக் கண்ணாடியே கண்ணுக்குள் நிற்கிறது.

16, செவ்வாய்

வெயில். வாங்க: தயிர், பிளேடு.

எடுத்ததுதான் வினை. ஒளித்ததால் அது இஸ்ரேல் பழமேதான் என்று ஊர் பேஸ்புக் குழுவில் யாரோ எழுதிவிட்டார்கள். கீழே, அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சிலர். டேவிட்டும் வரவில்லை. பெட்டைக்குப் பயந்து எடுத்தாள் என்று கோபமாக்கும்.

பழம் வாங்கிய கடைக்கே போய் பெட்டியைப் படம் எடுத்தேன். சவூதி. கடைக்கார ராமநாதபுரத்துத் தம்பி சிரித்தான்: “பழத்துக்கு ஜாதகமா, ஐயா?” ‘இஸ்ரேல் பழம் இல்லை’ என்று எழுதிச் சுமதிக்கு அனுப்பினேன்.

17, புதன்

ரமணன் ஜெபல் அலி டியூட்டி முடிந்து வந்து என் போனைப் பார்த்துவிட்டான்.

“இஞ்ச இருந்து உதொண்டும் எழுதாதேங்கோ அப்பா. எங்கட விசா கம்பெனியின்ர கையில.”

“பழத்தின்ர படம்தானே?”

“கலாஸ், முடிஞ்சுது. அழியுங்கோ.”

அழித்தேன். அழித்தால் அழியுமா? யாரிடம் கேட்பது?

19, வெள்ளி

சுமதி என் சொல் கேட்கவில்லை. தட்டைத் திரும்ப வைத்தாளாம். பெட்டை வந்தபோது தானே கூப்பிட்டு, சவூதிப் பழம், அப்பா அனுப்பினது, ஒளிச்சது என்ர பயம் என்றாளாம். பெட்டை முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டு, குழுவிலும் திருத்தி எழுதினாளாம்.

“பிறகு பேப்பரோட டேவிட் வீட்டை போனனான், அப்பா. ‘ஆர்? ஆர்?’ எண்டு கேட்டுத்தான் கதவு திறந்தவர். அதுவும் சங்கிலி கழட்டேல்லை. வாசல் நிலையில யூதர் வேத வரி வைச்சு அடிக்கிற சின்னக் கூடு முந்தி இருந்தது. இப்ப ஆணி ஓட்டை மட்டும்தான். அவருக்குக் கோபமில்லை. வெளியில வரப் பயம்.”

கொழும்புக் கலவரத்தில் ஒருமுறை, தமிழ்ப் பெயர் என்று வீட்டுப் பெயர்ப்பலகையைப் பயந்து கழற்றியவன் நான். சுமதிக்குத் தெரியாது. போனில் எப்படிச் சொல்ல?

ஞாயிறு பட்டியலில் இரண்டாவதாக எழுதியது பிழை. நான் சொன்னபடி அவள் பேசாமல் இருந்த நாட்களில் அந்த மனிதர் கதவுக்குப் பின்னால் தனியே இருந்திருக்கிறார்.