மேல் பெர்த்தில் தூங்கியவருக்கு

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நலம்தானே? மகளுக்குச் சளி விட்டதா? நான் நலம். லேபில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டியே பொழுது போகிறது.

ஒரே மாதத்தில் இரண்டு பத்திரிகைகளில் என் கதை வந்தது. நாம் மூவரும் பத்து நாள் ஊர் சுற்றினோம். நினைக்க நினைக்க மனசு நிறைகிறது. வீட்டையும் மகளையும் நீங்கள் பார்த்துக்கொள்வதால்தான் என்னால் எழுத முடிகிறது.

ரயிலில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மேலே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். மகள் பெருமையாக நீட்டிய பத்திரிகையில் எதிர் சீட்டு அம்மா என் கதையைப் படித்தார். அதில்தான் கணவன் இறந்துவிடுகிறானே! கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுலயே இப்படி ஆயிடுச்சேம்மா" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நம் மகள் மேலே கையைக் காட்டி, "அதோ குறட்டை விடுறாரே, அவருதான் ஆன்ட்டி செத்துப்போன அப்பா" என்றாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இங்கே அறை ரொம்ப அமைதி. எழுதுவதற்கு வசதிதான். ஆனாலும் ஞாயிறு மதியம் நீங்கள் தூங்கும்போது எனக்கு ஃபோன் போட்டுத் தலையணைப் பக்கத்தில் வையுங்கள். பேசவே வேண்டாம்.

பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

உங்களைக் கொன்றவள்